திரையில் ‘வணக்கம்’ வந்த பிறகு

சரித்திரப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அரண்மனையைப் பற்றிச் சொல்வார்கள். போர்க்களத்தைப் பற்றிச் சொல்வார்கள். கதாநாயகனின் மீசையைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். கதை முடிந்த பின் ஓடிய பெயர்ப் பட்டியலைப் பற்றியோ, அப்போது ஒலித்த சங்கீதத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கமாட்டார். பாதிப் பேர் அதற்குள் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். இம்மாதம் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றியே எழுத எண்ணுகிறேன். அற்ப விஷயம் என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

முன்னாளில் இத்தொல்லை இருந்ததில்லை. உழைத்தவர்களின் பெயரெல்லாம் படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். முடிவில் ‘வணக்கம்’ என்றோ ‘சுபம்’ என்றோ ஒரே ஒரு சொல். விளக்கு எரியும். பார்த்தவன் தன் நெஞ்சில் எழுந்ததை அப்படியே வீட்டுக்கு எடுத்துச் செல்வான். இன்றோ ஒரு பெரிய படத்துக்கு நூற்றுக்கணக்கானோர் பாடுபடுகிறார்கள். அவர்கள் பெயரெல்லாம் திரையில் வருவது நியாயமே. நானும் பேரேட்டோடு காலம் தள்ளுகிறவன். பட்டியலில் பெயர் விடுபட்ட மனிதனின் முகம் எப்படியிருக்கும் என்பதை அறிவேன். ஆகவே பட்டியலோடு எனக்கு வழக்கில்லை. அதன் தலையில் ஏற்றிவைக்கும் பாட்டோடுதான் வழக்கு.

இரண்டரை மணி நேரம் வேறொரு காலத்தில் வாழ்ந்துவிட்டு நம் காலத்துக்குத் திரும்பி வர மனத்துக்குச் சிறிது அவகாசம் வேண்டாமா? எத்தனை பெரிய விரைவு வண்டியும் நிலையத்துக்கு வெளியிலேயே வேகத்தைத் தணித்துக்கொண்டுதான் மேடைக்குள் நுழைகிறது. தூக்குமேடையிலோ போர்க்களத்திலோ கதை முடிந்து, நாம் மூச்சு விடுவதற்குள் மேளமும் தாளமுமாக ஒரு துள்ளல் பாட்டு கிளம்பினால், வண்டி சடக்கென்று நின்று பயணி பலகையில் முட்டிக்கொண்ட கதைதான்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டில் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ என்ற படத்தை அன்பர்கள் பலர் பார்த்திருக்கலாம். நாஜிகளின் கொலைக்களத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் காத்த ஒரு வியாபாரியின் கதை. ஏறக்குறைய முழுவதும் கறுப்பு வெள்ளையில் ஓடும் படம், முடிவில் வண்ணமாக மாறுகிறது. உயிர் பிழைத்தவர்கள் மெய்யாகவே வந்து ஜெருசலேமிலுள்ள அவருடைய கல்லறையின் மேல் ஆளுக்கொரு கல் வைக்கிறார்கள். அந்த மாற்றத்தின்போது ஒலிப்பது ‘பொன்னான ஜெருசலேம்’ என்ற பொருளுடைய ஓர் எபிரேயப் பாட்டு. மற்ற நாடுகளில் கேட்டவர்கள் உருகினார்கள். இஸ்ரேலில் கேட்டவர்களுக்கோ அது பொருந்தவில்லை. அப்பாட்டு 1967இல் எழுதப்பட்டது. அவ்வாண்டு நடந்த ஆறு நாள் போரின் வெற்றியோடு அவர்கள் மனத்தில் ஒன்றிப்போனது. 1945இன் கண்ணீருக்கு 1967இன் வெற்றிப் பாட்டா? பிறகு அந்நாட்டில் காட்டிய பிரதிகளில் அதை நீக்கி, ஹன்னா செனெஷ் இயற்றிய பாட்டைச் சேர்த்தார்கள். தம் மக்களைக் காக்க ஐரோப்பாவில் விமானத்திலிருந்து குதித்து, பிடிபட்டு, 1944இல் கொல்லப்பட்ட இளம்பெண் அவர்.

பாட்டு நல்ல பாட்டுத்தான். ஆயினும் கேட்கிறவனின் நினைவில் அது வேறொரு ஆண்டைச் சேர்ந்தது. வெளியூரானுக்குத் தெரியாத இந்தப் பிசகு, சொந்த ஊரானின் காதுக்கு உடனே எட்டிவிடுகிறது.

இதனால் பழங்கதைக்குப் பழைய வாத்தியமே வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். 1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களைப் பற்றிய ‘சாரியட்ஸ் ஆப் ஃபயர்’ 1981இல் வந்தது. அதற்கு வாஞ்செலிஸ் அமைத்தது மின்னணு வாத்திய இசை. 1924இல் அப்படியொரு ஓசையை யாரும் கேட்டிருக்க முடியாது. இருந்தும், கடற்கரையில் வெள்ளுடை இளைஞர் ஓடும் காட்சி தொடக்கத்தில் வந்து முடிவில் மீண்டும் வரும்போது, அந்த இசையைப் பிரித்துவிட்டு அவர்களை நினைக்கவே முடிவதில்லை. ‘டைட்டானிக்’ படத்தின் (1997) முடிவுப் பாட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சுமார் 1,500 பேர் மாண்ட 1912ஆம் ஆண்டு விபத்துக்குப் பின்னால் நவநாகரிகப் பாட்டு எதற்கு என்று இயக்குநர் கேமரூனே முதலில் தயங்கினாராம். இசையமைத்த ஹார்னர் அவருக்குத் தெரியாமல் பாட்டைப் பதிவு செய்து, பிறகு போட்டுக் காட்டிச் சம்மதம் பெற்றார். அந்த மெட்டு படம் நெடுகிலும் மெல்ல வந்துகொண்டிருந்ததால் பிழைத்தது. மெட்டு மட்டும் போதாதா, முரசு எதற்கு என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

நிற்க. நம் வீட்டுக்கு வருவோம். 2022இல் வெளிவந்த ‘ஆர். ஆர். ஆர்.’ (தமிழில் ‘இரத்தம் ரணம் ரௌத்திரம்’) 1920ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த கற்பனைக் கதை. 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட அல்லூரி சீதாராம ராஜுவும், 1940இல் மடிந்த கொமரம் பீமும் தோழர்களாகி வெல்கிறார்கள். முடிவில், நாம் மரகதமணி என்று அறிந்திருக்கும் கீரவாணியின் இசையில் ஒரு கொண்டாட்டப் பாட்டு. இயக்குநர் ராஜமௌலியே வந்து ஆடிவிட்டுப் போகிறார். படமே திருவிழாவாக இருக்கையில் திருவிழாப் பாட்டைக் குறை கூறுவது முறையன்று. ஆனால் அந்த ஆட்டத்தினூடே போஸ், பட்டேல், பகத்சிங், கித்தூர் சென்னம்மா முதலியோரின் உருவங்கள் வருகின்றன; அவற்றோடு நம் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் உருவமும் வருகிறது.

“அப்பா, இவர் யாரு?” என்றான் என் மகன். இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிற பிள்ளை. அவனுடைய பாடப் புத்தகத்தில் வ.உ.சி. இல்லை. நான் சொல்லத் தொடங்குவதற்குள் உருவம் போய்விட்டது. ஆட்டம் மட்டும் நின்றபாடில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர்; 1908இல் தண்டிக்கப்பட்டுக் கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தவர்; அந்தச் செக்கு இன்றும் சென்னைக் கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. இத்தனையையும் அந்தக் குத்தாட்டத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெலுங்கர் ஒருவர் தம் படத்தில் அவரை நினைத்தாரே என்ற நன்றி எனக்கு உண்டு. எனினும் செக்கிழுத்தவரைச் சிறுவன் முதன்முதலாகக் காணும் இடம் அதுதானா?

1961இல் பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பாரதியின் பாடல்களையே பயன்படுத்தினார்கள். வ.உ.சி.யின் தோழர் எழுதியவை. கதை நடக்கும் காலத்திலேயே பிறந்த குரல். ஜி. ராமநாதன் மெட்டமைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றும் அவை அந்தக் கதையை விட்டு விலகி நிற்கவில்லை.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுச் சரித்திரம் பெரும்பாலும் திரை வழியேதான் வருகிறது. பிள்ளையின் மனத்தில் கேள்வி எழுவதும் படம் முடியும் அந்த வேளையில்தான். இணையத்தின் வழியே வீட்டில் பார்த்தாலோ, பெயர்ப் பட்டியலை மூலையில் சுருக்கிவிட்டு அடுத்த படத்தின் விளம்பரம் வந்து குதிக்கிறது. அதை நிறுத்த நம் கையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்த வேண்டியதுதான்.

சங்கச் செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்த நாள். அன்று சங்கக் கூடத்தில் ‘கப்பலோட்டிய தமிழன்’ காட்டலாம். படம் முடிந்ததும் இரண்டு நிமிடம் விளக்கைப் போடாமலும், ஒலிபெருக்கியில் வேறு பாட்டு வைக்காமலும் இருக்கவேண்டும். காப்பி மேசையையும் அன்று ஒருநாள் வராந்தாவுக்கு மாற்றிவிட்டால் நலம்.