கடைக்கு வராத எச்சரிக்கை

மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மருந்தைப் பற்றி 2023 நவம்பர் 30 தேதியிட்டு மத்திய அரசின் மருந்து அமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மாதவிலக்கு வயிற்று வலிக்கு நம் வீட்டுப் பெண்கள் போடும் அதே மாத்திரைதான். அது 'ட்ரெஸ்' எனப்படும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும், மருத்துவர்களும் நோயாளிகளும் கூர்ந்து கவனித்துத் தகவல் தெரிவியுங்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. அதோடு கடமை முடிந்தது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இந்த முடிவை நாம் ஏற்கவில்லை.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி தாங்காத பெண்ணுக்கு அது தேவை, பாதிப்பும் அரிதுதான். ஆனால் வந்துவிட்டால், பத்தில் ஒருவர் வரை உயிரை இழக்கும் நோய் அது. மாத்திரை போட்ட அன்றே தெரியாது. இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும், முகம் வீங்கும், கழுத்தில் நெறி கட்டும். அதற்குள் கல்லீரல் கெடத் தொடங்கியிருக்கவும் கூடும். காய்ச்சலோடு தடிப்பு என்றால் நம் வீடுகளில் முதலில் வருகிற பேச்சு அம்மை. வாசலில் வேப்பிலை கட்டி, பிள்ளையைப் படுக்க வைத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கு என்று அதே மருந்தையே திரும்பக் கொடுப்பதும் நடக்கும். அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டோம். அவளிடம் யார் வந்து சொன்னார்கள்?

சிகிச்சையின் முதல் படி, காரணமான மருந்தை உடனே நிறுத்துவது. ஸ்டீராய்டு எல்லாம் அதற்குப் பிறகு. நிறுத்துவதற்குப் பெயர் தெரிய வேண்டுமே! மருந்துக் கடையில் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பெயர் ஒரு துண்டோடு போகிறது, காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு. ரசீது கிடையாது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத எச் அட்டவணை மருந்து இது, கேட்டால் கொடுக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, 'என்ன மாத்திரை சாப்பிட்டாய்?' என்று தோல் மருத்துவர் கேட்கும்போது, 'வயித்து வலி மாத்திரைங்க' என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு பதில் இல்லை. பெயரே தெரியாத மருந்தை அவள் எப்படிக் கண்காணிப்பாள்? எதைத் தெரிவிப்பாள்? மருந்துகளின் பக்கவிளைவைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. அதற்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. உங்கள் தெரு மருந்துக் கடையில் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார்களா, பாருங்கள்.

மருந்து விஷயத்தில் மத்திய அரசின் பழைய கணக்கையும் சொல்லியாக வேண்டும். நிமெசுலைடு குழந்தைகளுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு, 2011-ல்தான் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை வந்தது. 2013 ஜூனில் சர்க்கரை நோய் மருந்தான பியோகிளிட்டசோனைத் தடை செய்தார்கள், ஜூலை முடிவதற்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள். 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளை ஒரே வீச்சில் தடை செய்தார்கள். முறைப்படி ஆலோசிக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அதை ரத்து செய்தது. அவற்றில் 328-ஐ மறுபடி தடை செய்ய 2018 செப்டம்பர் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவற்றை விழுங்கியவர்கள் யார், யாருக்கு என்ன ஆயிற்று என்று எவராவது எண்ணிப் பார்த்தார்களா? ஒன்று, அவசரத்தில் அரைகுறையாகச் செய்கிறார்கள். இல்லையென்றால், காகிதத்தில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் உடம்பைக் கொடுப்பது மக்கள்.

எச்சரிக்கை கடையின் மேசை வரைக்கும் வர வேண்டும், தமிழில் வர வேண்டும், வெட்டிய அட்டையிலும் மருந்தின் பெயர் நிற்க வேண்டும். எந்தச் சட்டத்தில், எந்த உத்தரவில் என்பதை அதிகாரம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். செய்து முடிக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.