பழம் பறிக்கப் போகும் பிள்ளை

ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து தந்தை ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்கு வயது 26. பட்டம் பெற்றவன். கார் உதிரி பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் மூன்றாண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கிறான். ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்கு 'விடுமுறை வேலை விசா' வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் அவனிடம் நான்கு லட்சம் கேட்டிருக்கிறார். முன்பணத்துக்காகத் தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய்விட்டது. மீதிக்கு மனைப் பத்திரத்தை வைக்கலாமா என்பதே தந்தையின் கேள்வி.

வைக்க வேண்டாம் என்பதே நமது மறுமொழி. ஆனால் காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் இப்படியொரு விசா மெய்யாகவே உண்டு. முழுப் பொய்யாயிருந்தால் படித்த பிள்ளை ஏமாறமாட்டான்.

2024-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா இந்த விசாவை இந்தியருக்குத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடங்கள். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக் கல்விக்குப் பின் ஈராண்டுப் படிப்பேனும் வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டும். கையிருப்பாக ஏறத்தாழ 5,000 டாலர் காட்ட வேண்டும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்ல இயலாது. தங்கும் காலம் ஓராண்டு. யார் விண்ணப்பிக்கலாம் என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது. அக்குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் 25 டாலர். முதல் முறை திறந்த இரு வாரங்களுக்குள் ஏறத்தாழ 40,000 பேர் பெயர் கொடுத்தனர். கணிப்பொறி எடுக்கும் சீட்டை எந்தத் தரகர் விற்க முடியும்?

சீட்டு விழுந்து விசா கிடைத்தாலும் அது வேலையைத் தருவதில்லை. வேலையைப் போனவன்தான் தேட வேண்டும். ஆண்டின் கடைசி மாதங்களில் டார்வின் பக்கம் மாம்பழம். பிப்ரவரியில் மில்டுராவில் திராட்சை. அதன்பின் தாஸ்மேனியாவில் ஆப்பிள். மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது நமக்குப் புதிதன்று. மழை பெய்தால் வேலை நின்றுவிடும். பறித்த அளவுக்கே கூலி என்றிருந்த இடங்களிலும், 2022 ஏப்ரல் 28 முதல் மணிக்கணக்கிலான குறைந்தபட்சக் கூலி உறுதி செய்யப்பட்டுள்ளது. இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமானால் குறித்த ஊர்ப்புறங்களில் மூன்று மாதம் உழைத்ததற்குச் சான்று வேண்டும். சான்று முதலாளி கையில் இருப்பதால் பலர் குறையைச் சொல்லாமல் விழுங்கிவிடுகின்றனர். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அதனால்தான் அவசியம்.

முறையான தாள் இல்லாதவன் நிலை இன்னும் கொடிது. இத்தாலியில் லத்தீனாவுக்கு அருகே பண்ணைக் கூலியாயிருந்த பஞ்சாபியரான சத்னாம் சிங், 2024 ஜூனில் இயந்திரத்தில் கை துண்டாகி, மருத்துவமனை சேர்க்கப்படாமல் வீட்டருகே விடப்பட்டு, பின்னர் மாண்டார்.

'ஊரிலேயே பிழைக்கலாகாதா?' என்று இளைஞரைக் கடிந்துகொள்வது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இப்பகுதிக் குடும்பங்கள் மறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் நாளை என்ன என்று அஞ்சுகிறவன் கடலுக்கு அப்பால் பார்ப்பது குற்றமா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை நடுவண் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியுமே வாங்கலாம். குறை இருப்பின் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தை அணுகலாம். தமிழக அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உண்டு.

அத்தந்தைக்கு எழுதிய பதிலில், முன்பணத்துக்குத் தரகர் தந்த துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்தி, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். மகனுக்கு வயது வரம்பைத் தாண்ட இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்த குலுக்கல் திறக்கும்போது அவனே தன் கையால் பெயர் கொடுக்கட்டும். 25 டாலருக்குப் பத்திரம் தேவையில்லை.