மென்பொருளுக்குக் காசு சேர்ப்பதை நிறுத்துவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஒவ்வொரு தவணையும் இதே கதைதான். இல்ல விளையாட்டுப் போட்டி வரும், பரிசளிப்பு விழா வரும். உடனே வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: "வீடியோ எடிட் பண்ண நல்ல சொப்ட்வெயார் வாங்கணும், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு." கூலி வேலைக்குப் போகும் வாப்பாவும் எப்படியோ புரட்டிக் கொடுக்கிறார். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை ஊடகக் கழகத்திலிருந்து சத்தமில்லாமல் ஒதுங்கிக் கொள்கிறது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதும் இல்லை.

நேரடியாகவே சொல்கிறோம்: பாடசாலை வீடியோவுக்கு மென்பொருள் வாங்க ஒரு சதமும் தேவையில்லை.

"இலவசம் என்றால் தரமிருக்காது" என்பார்கள். டாவின்சி ரிசோல்வ் என்ற மென்பொருளைப் பாருங்கள். பெரிய திரைப்படங்களுக்கே அதில்தான் நிறம் திருத்துகிறார்கள். அதன் இலவசப் பதிப்பு 4கே அளவு வரை வீடியோ தருகிறது, மேலே எந்த முத்திரையும் விழாது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு 295 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 88,500 ரூபா. மைதானத்தில் நடந்த அஞ்சலோட்டத்தை வெட்டி ஒட்டுவதற்கு அந்தப் பதிப்பு எதற்கு?

ஆனால் இலவசம் என்பதற்காக ரிசோல்வைப் போய் இறக்கிவிடவும் வேண்டாம். அதற்கு 16 ஜீபி ரெம்மும் நல்ல கிரபிக்ஸ் கார்டும் வேண்டும். நம் கணினி அறையில் இருக்கும் பழைய கணினிகள் அதைத் தாங்காது. நமக்குப் பொருத்தம் ஷொட்கட், அல்லது கேடென்லைவ். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். முத்திரை இல்லை, காலக்கெடு இல்லை, கணக்குத் திறக்கச் சொல்வதும் இல்லை. எச்டி வீடியோவுக்கு 8 ஜீபி ரெம் போதும் என்கிறது ஷொட்கட். கணினி திணறினால் 'ப்ரொக்ஸி' என்ற வசதி இருக்கிறது. அது வீடியோவின் சிறிய பிரதி ஒன்றை உருவாக்கும், அதை வைத்து நாம் எடிட் செய்யலாம். கடைசியில் வெளியாவது அசல் தரத்திலேயே வரும்.

"எல்லாரும் கெப்கட்தானே பாவிக்கிறாங்க?" பாவிக்கட்டும். போனில் அவசரத்துக்கு ஒரு நிமிட வீடியோ செய்ய நல்லதுதான். ஆனால் அதில் நேற்று இலவசமாக இருந்த வசதி இன்று 'ப்ரோ' என்று பூட்டு மாட்டி நிற்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டொக் நின்றபோது, அதே கம்பனியின் கெப்கட்டும் கூடவே நின்றது. பாடசாலையின் ஆண்டுக்கணக்கான பதிவுகளை அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் வைக்கலாமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "காசு வேண்டாம் சேர், க்ரெக் ஒன்று போட்டுத் தாறேன்" என்று பென் டிரைவோடு வருவார்கள். பக்கத்து வளவில் மாங்காய் பறித்த பிள்ளையைக் கண்டிக்கும் நாம், அதே பிள்ளையின் முன்னால் களவு மென்பொருளை இறக்கினால் எதைப் படித்துக் கொடுக்கிறோம்? இதுவும் அடுத்தவர் ஹக்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. சட்டம் கிடக்கட்டும், க்ரெக் போடும்போது முதலில் என்ன சொல்கிறார்கள்? "வைரஸ் காட்டை நிப்பாட்டுங்க." வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கச் சொல்பவனை நம்பலாமா? மாணவர்களின் பெயர், விலாசம், புள்ளிகள் எல்லாம் அதே கணினியில்தான் கிடக்கின்றன.

"தொழிலுக்குப் போகும் பிள்ளைக்கு பிரிமியர் தெரிய வேண்டாமா?" நியாயமான கேள்வி. ஆனால் எங்கே வெட்டுவது, சத்தத்தை எப்படிச் சமப்படுத்துவது, ஒரு கதையை எப்படி மூன்று நிமிடத்தில் சொல்வது என்பவை எல்லா மென்பொருளுக்கும் பொது. அதைக் கற்ற பிள்ளைக்குப் பொத்தான்கள் இடம் மாறியிருப்பது பெரிய தடையல்ல. மாதக் கட்டணம் கட்டும் மென்பொருளைப் பாடசாலையில் மட்டும்தான் தொடலாம். இலவச மென்பொருளை வீட்டுக்குப் போய் மாமாவின் பழைய லெப்டொப்பிலும் போட்டுப் பழகலாம். ஏழைப் பிள்ளைக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கொலர் மைக் வாங்குங்கள். பதிவுகளைச் சேமிக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். நம் விழா வீடியோக்களைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றிரைச்சலும் ஸ்பீக்கர் அலறலும்தான். எந்த விலை மென்பொருளும் அதை முழுதாகத் திருத்தாது. வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டொகுமென்ட்' ஆக அனுப்புங்கள், தரம் குறையாது. தலைப்புகளைப் பாமினியில் அடிக்காமல் யுனிகோட்டில் அடியுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள்தான் சிதறிக் கிடக்கும்.

மென்பொருளை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டேட்டா இல்லாதவர்கள் பென் டிரைவ் கொண்டு வாருங்கள், நாங்கள் பிரதி பண்ணித் தருகிறோம். இது களவல்ல, பகிர்வதற்கு அந்த உரிமமே அனுமதிக்கிறது.

அடுத்த முறை குழுவில் காசு கேட்டுச் செய்தி வந்தால் வெட்கப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "இலவசத்தில் முடியாத எந்த வேலைக்கு இது?" பதில் வரட்டும். அதுவரை உங்கள் காசு உங்கள் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் இருக்கட்டும்.