மெனுவில் எச்டாப் இருக்கட்டும், விம் வேண்டாம்

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் விம் எடிட்டரை நிறுவினால், பயன்பாட்டு மெனுவில் அதன் ஐகானும் வந்துவிடுகிறது. புதியவர் ஒருவர் அதைக் கிளிக் செய்தால் டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரம் திறந்து, அதற்குள் விம் ஓடுகிறது. வெளியேறும் வழியை விம் தன் முதல் திரையில் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்தக் குறிப்பு மறைந்துவிடும். விம்மை விட்டு வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017க்குள் 10 லட்சம் முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். நிரல் எழுதுவோர் கூடும் தளம் அது. அவர்களுக்கே இந்த நிலை என்றால், மவுஸை மட்டும் நம்பி வந்தவர் என்ன செய்வார்?

இதைக் காட்டி, டெர்மினல் நிரல்கள் எல்லாவற்றையும் மெனுவிலிருந்து நீக்கிவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. ஹிஷாம் முகம்மத் 2004இல் வெளியிட்ட எச்டாப்பும் டெர்மினலில் ஓடுவதுதான். கணினி திணறும்போது எந்த நிரல் நினைவகத்தை விழுங்குகிறது என்று அது உடனே காட்டும். எஃப்1 முதல் எஃப்10 வரை எந்த விசைக்கு என்ன வேலை என்பது திரையின் அடியில் எழுதியிருக்கும். எஃப்10 அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். மவுஸும் வேலை செய்யும். கோப்புகளைக் கையாளும் மிட்நைட் கமாண்டரும் இப்படித்தான். இவற்றை மெனுவிலிருந்து விரட்டினால் நஷ்டம் புதியவருக்கே.

ஆகவே, டெர்மினலில் ஓடுகிறதா என்பதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. கட்டளை எதுவும் தெரியாதவர் கிளிக் செய்து திறந்து, பயன்படுத்தி, மூட முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதில் தேறாத விம் போன்றவற்றை மெனுவிலிருந்து மறைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. மெனு ஐகான் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு; அதன் விதிகளை ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம் வகுத்திருக்கிறது. டெர்மினலில் திற என்று சொல்ல ஒரு வரி, மெனுவில் காட்டாதே என்று சொல்ல இன்னொரு வரி. இரண்டாவது வரியைச் சேர்த்தாலும், கோப்பை எந்த நிரலில் திறப்பது என்று கேட்கும் பட்டியலில் விம் தொடர்ந்து இருக்கும். டெர்மினலில் கட்டளை கொடுத்தும் வழக்கம்போல் திறக்கலாம். விம் பிரியர்களுக்கு இழப்பு அதிகமில்லை.

டெர்மினலைத் திறக்கும் ஏற்பாட்டையும் சரிசெய்ய வேண்டும். க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்தும் ஜிலிப் நூலகம் வெகுகாலம் தன் நிரலுக்குள் எழுதி வைத்திருந்த சில டெர்மினல்களை மட்டுமே தேடியது. வேறு டெர்மினல் வைத்திருந்தவர் எச்டாப் ஐகானைக் கிளிக் செய்தால் எதுவும் திறக்காது. பயனர் விரும்பும் டெர்மினலையே திறக்கும் புதிய முறை இப்போது வந்திருக்கிறது. எல்லா லினக்ஸ் வினியோகங்களும் அதைத் தாமதிக்காமல் ஏற்க வேண்டும். விம் ஐகானை மறைக்கும் வரியையும் நிரலைப் பொதியாக்குபவர்களே சேர்த்துவிடலாம். மெனுவிலும் விம் வேண்டும் என்பவர் தன் ஹோம் கோப்புறையில் அந்தக் கோப்பின் நகலை வைத்து வரியை மாற்றிக்கொள்வார்.