சூரியத் தகடு லாபமா, நஷ்டமா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. சித்திரை பிறந்துவிட்டால் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலை மின்சாரமாக மாற்றும் சோலார் தகடுகள் இப்போது மாடிகளில் ஏறி வருகின்றன.

கூடவே ஒரு சந்தேகமும் எழுந்திருக்கிறது. "தகடு செய்யவே ஏராளமான மின்சாரம் வேண்டுமாம். அது கொடுப்பதைவிடத் தின்பதுதான் அதிகமாம். கடைசியில் அது விஷக் குப்பையாம்" என்று சிலர் சொல்கிறார்கள்.

இது உண்மையா? பாதி உண்மை!

உலையில் பிறக்கிறது

தகட்டுக்கு உயிர் சிலிக்கன். வெங்கச்சங்கல்லைக் கரியோடு சேர்த்து, சுமார் 2,000 டிகிரி சூட்டில் மின்சார உலையில் உருக்கி இதை எடுக்கிறார்கள். பிறகு சுத்தம் செய்கிறார்கள். மறுபடியும் உருக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் மின்சாரம் செலவாகிறது. உலகத்துத் தகடுகளில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. அங்கே மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியை எரித்துக் கிடைப்பது. ஆகவே, பிறக்கும்போதே தகடு கடனோடுதான் பிறக்கிறது.

கடன் அடைகிறதா?

அடைகிறது. இதோ கணக்கு:

1 கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாள் ஒன்றுக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும். வருஷத்துக்குச் சுமார் 1,400 யூனிட். அதைச் செய்யச் செலவான மின்சாரம் ஒன்று அல்லது இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும். தகடோ 25 வருஷம் உழைக்கும். ஒரு மரக்கால் விதைத்துப் பத்து மரக்காலுக்கு மேல் அறுப்பது போன்றது இது. எந்த உழவர் இதை நஷ்டம் என்பார்?

புகையைப் பாருங்கள். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் எடுத்தால் ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு வெளியேறும். சோலார் யூனிட்டுக்கு, தகடு செய்த புகையையும் சேர்த்து, 50 கிராம் அளவுதான். பக்கத்து நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதற்காக எத்தனையோ கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியாததல்ல.

எங்கே வைப்பது?

சோலாரும் நிலம் கேட்கும். கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் மண்ணில் அப்படிச் செய்யலாமா? கூடாது. வீட்டு மாடி இருக்கிறது. பள்ளிக்கூடம், பஸ் நிலையம், நெல் கிடங்கு இவற்றின் கூரைகள் இருக்கின்றன. 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போதும். ஒரு சென்ட் வயலும் வேண்டாம்.

மாடியில் வைப்பவர்கள் கம்பியையும் போல்ட்டையும் உறுதியாகப் பூட்ட வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயலை இந்த மாவட்டம் மறக்காது. மாதம் 50 யூனிட்டுக்குள் செலவழிக்கும் சிறு குடும்பம் கடன் வாங்கித் தகடு போட வேண்டியதும் இல்லை. அதிகம் செலவாகும் வீடுகளுக்குத்தான் லாபம். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் அறிவிக்கப்பட்டது.

பழைய தகடு என்ன ஆகும்?

இதுதான் உண்மையான கவலை. தகட்டின் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. சட்டம் அலுமினியம். பற்றவைப்பில் கொஞ்சம் ஈயமும் உண்டு. பழைய இரும்புக் கடைக்குப் போனால் அலுமினியத்தை மட்டும் உருவிக்கொண்டு, மீதியை ஏரிக்கரையில் கொட்டிவிடுவார்கள். மழையில் ஈயம் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைத்தான் ஆடுமாடுகள் குடிக்கும்.

2022-ம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகள் சோலார் தகட்டையும் சேர்த்துக்கொண்டன. தயாரிப்பவர்களுக்குப் பொறுப்பும் வைத்தன. ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உடைந்த தகட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும். நகராட்சிகள் இன்றே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். வாங்குகிறவர்களும், "பழையதை யார் திரும்ப எடுப்பீர்கள்?" என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

தகடு தன் கடனை இரண்டு வருஷத்தில் அடைத்துவிடுகிறது. வயலையும் ஏரியையும் கெடுக்காமல் அதை வைத்துக்கொள்வது மனிதர்களின் கடன்!