நத்தார் ஒரு பிறந்தநாள்

டிசம்பர் வந்தால் விட்பியில் எங்கட வீடுகளில் இரண்டு காலண்டர் ஓடும். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: மரம், லைட், பரிசு, ஸ்காபரோவில் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு. மற்றது பள்ளிக்கூடக் காலண்டர். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கை நவம்பரிலேயே கைக்கு வந்திருக்கும். 12ஆம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடென்றால், ஒன்ராறியோ பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஜனவரி நடுப்பகுதி வரைதான் நேரம். நத்தார் விடுமுறை சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

விருந்து வீட்டில் சப்பாத்தைக் கழற்றி முடிக்க முதலே யாராவது ஒரு மாமா கேட்பார்: "என்ன படிக்கப் போறீர்? எங்கை அப்ளை பண்ணினீர்?" கேட்கிறவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் 17 வயதுப் பிள்ளையின் காதில் அது "உம்முடைய மதிப்பு எவ்வளவு?" என்றுதான் விழுகிறது.

இந்தக் கேள்வியின் பாரம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கட அப்பா அம்மா இரவு வேலையும் தொழிற்சாலை வேலையுமாக ஓடிய காலத்தில், "நீ படிச்சால்தான் நாங்கள் பட்ட பாட்டுக்கு அர்த்தம்" என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதில் பாசம் இருந்தது. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. 40 வயது தாண்டிய பிறகும் அந்தக் கணக்கு எங்களுக்குள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அதில் வீடு, வேலைப் பதவி, பிள்ளையின் பியானோ கிரேட் எல்லாம் சேர்ந்துவிட்டன.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹென்றி நௌவென் ஞாபகம் வரும். நெதர்லாந்தில் 1932இல் பிறந்த கத்தோலிக்கக் குருவானவர். யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் படிப்பித்தவர். ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். எங்கட ஆக்களின் அளவுகோலில் பார்த்தாலும் முழு மார்க்ஸ் எடுத்த மனுசன்தான். ஆனால் அந்தப் பெயரும் புகழும் மனதை நிரப்பவில்லை. 1986இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிச்மண்ட் ஹில்லுக்கு வந்தார். விட்பியிலிருந்து 407 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரு மணிநேரத்துக்குள் வந்துவிடுகிற இடம். அங்கே லார்ஷ் அமைப்பின் டேபிரேக் என்ற இல்லம் இருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களும் ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிற இடம் அது. சென்னையில் இருக்கிற ஆஷா நிகேதனும் இதே அமைப்பைச் சேர்ந்ததுதான்.

அங்கே நௌவெனுக்குக் கொடுத்த வேலை, ஆடம் என்ற இளைஞரைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, சவரம் செய்து, உடுப்புப் போட்டு, சாப்பாடு கொடுப்பது. ஆடமுக்குப் பேச்சு வராது. வலிப்பு வரும். நௌவென் எத்தனை புத்தகம் எழுதியவர், எங்கே படிப்பித்தவர் என்பதெல்லாம் ஆடமுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த வீட்டில் பலருக்கு வாசிக்கவும் தெரியாது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேர்டிபிகேட் எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகிப் போனது. தொடக்கத்தில் அது அவருக்குப் பயமாக இருந்தது. நாள் போகப் போகத்தான் தெளிந்தது: ஆடம் எதையும் சாதிக்கவில்லை, சாதிக்கப் போவதுமில்லை, ஆனாலும் கடவுளின் அன்புக்குரிய பிள்ளை. அப்படியென்றால் நானும் அதே காரணத்துக்காகத்தான் அன்புக்குரியவன்.

நௌவென் அடிக்கடி சொல்லுகிற விஷயம் ஒன்று உண்டு. நான் செய்வதுதான் நான், என்னிடம் இருப்பதுதான் நான், மற்றவர்கள் என்னைப் பற்றிச் சொல்வதுதான் நான் என்ற மூன்றும் பொய் என்பார். சமயத்தில் பிடிப்பில்லாத ஒரு யூத நண்பர் கேட்டதற்காக எழுதி, 1992இல் வெளிவந்த புத்தகத்தில், யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்ற சம்பவத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார். அன்புக்குரிய மகன் என்று வானத்திலிருந்து குரல் கேட்கிறபோது, சுவிசேஷக் கதைப்படி இயேசு இன்னும் ஊழியத்தையே தொடங்கவில்லை. முதலில் வந்தது அன்பு, வேலை பிறகுதான்.

நத்தார் கதையும் அப்படித்தான். நல்ல பிள்ளையா, குழப்படிப் பிள்ளையா என்று லிஸ்ட் பார்த்துப் பரிசு கொடுப்பது நத்தார் தாத்தாவின் வேலை. பெத்லகேம் கதையில் லிஸ்ட் இல்லை. அந்தச் செய்தி முதலில் போனது வயல்வெளியில் இரவுக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு. இரவு வேலைக்குப் போன அப்பாமாரின் பிள்ளைகளான எங்களுக்கு அது விளங்காமலா போகும்?

"இதெல்லாம் சரி, ஆனால் எப்படியும் அன்பு கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளை சோம்பேறியாகிவிடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். நௌவென் சோம்பேறியாகவில்லை. அவருடைய புகழ்பெற்ற புத்தகங்கள் சில டேபிரேக்கில் இருந்த காலத்தில்தான் வந்தன. அதே நேரம், அங்கே வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. அடுத்த வருடமே மனம் உடைந்து, மாதக்கணக்கில் வின்னிபெக்கில் தங்கிச் சிகிச்சை எடுத்தார். 'நான் அன்புக்குரியவன்' என்பது ஒரு தரம் கேட்டதும் மனதில் நிற்கிற பாடமில்லை. பெரியவர்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்ல வேண்டும்?

இங்கேதான் எங்கட வீடுகளில் ஒரு சிக்கல். நாங்கள் அன்பை வாயால் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. "சாப்பிட்டியா?", "ஜாக்கெட் போட்டியா?" என்று கேட்டால் அதற்குள்ளே எல்லாம் அடங்கும் என்று நினைக்கிறோம். அம்மம்மாவின் அந்தப் பாஷை எங்களுக்கு விளங்கியது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாக மட்டும் கேட்கலாம்.

பிறந்தநாளில் சாதனையைக் கொண்டாடுவதில்லை, ஒருவர் பிறந்ததையே கொண்டாடுகிறோம் என்று நௌவென் எழுதியிருக்கிறார். நத்தாரும் ஒரு பிறந்தநாள்தானே? இதை வாசிக்கிற சிலருடைய வீட்டில் சாமி அறையும் இருக்கும், நத்தார் மரமும் இருக்கும். எந்த வழியில் கும்பிட்டாலும் இது செய்யக்கூடியதுதான்: இந்த விடுமுறையில், எந்த ரிசல்ட்டும் வர முதல், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எங்களுக்குப் பிள்ளையாகப் பிறந்தது எங்களுக்குச் சந்தோஷம். என்ன கடிதம் வந்தாலும் அது மாறாது" என்று சொல்லுங்கள். தமிழிலோ இங்கிலிஷிலோ, பிள்ளைக்கு விளங்குகிற பாஷையில் சொன்னால் போதும். விருந்து வீட்டு மாமா எப்படியும் கேட்கத்தான் போகிறார். அதற்கு முதலே நீங்கள் சொல்லிவிடுங்கள்.