நீதிபதி சந்துரு: பாராட்டும் பரிந்துரையும்

2021இல் 'ஜெய் பீம்' வெளியானதிலிருந்து நீதிபதி கே. சந்துருவைப் புகழாத மேடை இல்லை. அப்படத்தின் மூலவழக்கு, 1993இல் காவல் சித்திரவதையில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவினுடையது. (அவர் குறவர், படம் இருளராகக் காட்டியது.) அவர் மனைவி பார்வதிக்காக ஆட்கொணர்வு மனுவை நடத்திய வழக்கறிஞர் சந்துரு. திரையில் அது முடிந்துபோன கதை. சாத்தான்குளத்தாருக்கு அப்படித் தோன்றாது. 2020 ஜூன் 19 அன்று அவ்வூர்க் காவல்நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் நான்கு நாள்களுக்குள் உயிரிழந்தனர்.

மாணவர் இயக்கத்தில் தொடங்கி, தொழிலாளர் வழக்குகளை நடத்தி, 2006இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானவர் சந்துரு. 2013இல் ஓய்வுபெறும்முன் ஏறத்தாழ 96,000 வழக்குகளை முடித்தார். 'மை லார்ட்' என அழைக்க வேண்டாமென்றதும், ஓய்வுபெற்ற நாளில் மின்சார ரயிலில் வீடு திரும்பியதும் பெருஞ்செய்திகளாயின. என் பார்வையில் அவை இரண்டாம்பட்சமே. சத்துணவு மைய நியமனங்களில் இடஒதுக்கீடு வேண்டும், எல்லாச் சாதியினருக்கும் பொது மயானம் வேண்டும் என்ற தீர்ப்புகளே முதன்மையானவை. தலித் பெண் சமைத்த உணவை மறுக்கும் ஊரில், சமையலறைப் பணியிடம் வெறும் வேலைவாய்ப்பு அன்று. அரசமைப்பின் 17ஆம் பிரிவுக்கு நேரும் சோதனை. தம் நூலுக்கு 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' என்று அவர் பெயரிட்டதன் பொருளும் இதுவே. சட்டக்கல்லூரி மாணவர்கள் அதைப் பாடநூலாகவே வாசிக்கலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். விவாதம் பெரும்பாலும் கைக்கயிற்றையும் நெற்றிக்குறியையும் சுற்றியே நடந்தது. ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ அமர்த்தக் கூடாது என்ற பரிந்துரை அதிகம் பேசப்படவில்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு தலித் மாணவனின் புகார் எந்த மேசையில் நின்றுவிடுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் எடை புரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியும்போது பெரும்பாலும் இரத்தம் சிந்தியாயிற்று. அதற்கு முந்தைய கட்டத்திலேயே பள்ளியைப் பொறுப்பாக்கத்தான் தனிச்சட்டம் வேண்டுமென்றார் அவர்.

அறிக்கை தந்து ஓராண்டு நிறையுமுன், 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவரின் விரல்கள் வெட்டப்பட்டன. சந்துருவை மேடைக்கு அழைக்கும் கட்சிகளிடம், அத்தனிச்சட்டத்தின் வரைவு எங்கே என்று மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டும்.